கணக்குப்பிள்ளையின் காடு: வட கியூபெக்கில் மரவெட்டும் பொறிவேட்டையும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஜேம்ஸ் விரிகுடாவுக்குத் தெற்கே இருக்கும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளில் சதுப்பு உறைவதற்காக இரண்டு தரப்பினர் காத்திருக்கிறார்கள். மரத்தை அறுத்துக் கட்டாகச் சாய்க்கும் இயந்திரம் இருபது டன்னுக்கு மேல் எடை கொண்டது. கோடையில் ஈரநிலத்தில் இறக்கினால் சங்கிலிச் சக்கரம் முழுக்கப் புதைந்துவிடும். தரை கல்லாக உறைந்த பிறகுதான் அதை உள்ளே ஓட்ட முடியும். பொறி வைத்து மென்மயிர் விலங்கு பிடிப்பவருக்கும் அதே குளிர்தான் வேண்டும். ஏரியும் ஆறும் உறைந்தால்தான் பனிவண்டியான ஸ்னோமொபைல் ஓடும், குளிர் ஏறினால்தான் தோலில் அடிமயிர் அடர்ந்து விலைபோகும். நவம்பரில் இருந்து மார்ச் வரை ஒரே நிலத்தில் இருவருக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. தகராறு பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் பருவத்தை மாற்றி வைத்தால் தீர்ந்துபோகும் தகராறு இல்லை இது. காட்டை எந்த அளவுகோலால் எண்ணுவது என்பதில்தான் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பொறித்தடம். ஆங்கிலத்தில் டிராப்லைன் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஒற்றையடிப் பாதை போலத் தோன்றும். முன்பு அப்படித்தான் இருந்தது: ஓடைக்கரையோரம் பொறிகளை வரிசையாக வைத்துச் சுற்றிவரும் பாதை. இன்று அது எல்லை வரைந்து எண் கொடுக்கப்பட்ட நிலப்பரப்பு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1920களின் நடுவில் பதிவுமுறை வந்தது, ஒன்டாரியோவில் 1940களின் பிற்பகுதியில். பதிவு இருந்தால் அந்த எல்லைக்குள் மென்மயிர் விலங்கு பிடிக்கும் உரிமை ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டும் உண்டு. நிலம் அரசுடையது. அதில் நிற்கும் மரத்தை வேறு சட்டத்தின் கீழ் வேறு ஒருவருக்கு அரசு உரிமம் கொடுக்கலாம், கொடுத்தும் வருகிறது. விலங்கு ஒருவருக்கு, அந்த விலங்கு குடியிருக்கும் மரம் இன்னொருவருக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தப் பதிவே பூர்வகுடிகள் பலரின் தடங்களை வெளியாட்கள் கைக்கு மாற்றிவிட்டது என்பது தனிக் கதை.

கியூபெக்கின் கதை வேறுவிதம். 1920களில் தெற்கிலிருந்து ரயில் ஏறி வந்த வெளியாட்கள், ஓடையில் அணைகட்டி வாழும் கொறிவிலங்கான பீவர்களை வழித்துத் துடைத்துவிட்டுப் போனார்கள். 1930களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் பீவர் கூடுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று வாஸ்ககனிஷ் எனப்படும் ரூப்பர்ட் ஹவுஸில், தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா கம்பெனியின் மேலாளராக இருந்த ஜேம்ஸ் வாட்டும் அவர் மனைவி மாட் வாட்டும் மாகாண அரசை நச்சரித்து ஒரு பீவர் காப்பகத்தை வாங்கினார்கள். பீவர் பிடிப்பதைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்தார்கள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான க்ரீ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய பகுதிகள் வரைபடத்தில் ஏறின. ஒவ்வொரு பகுதிக்கும் மூத்த வேட்டைக்காரர் ஒருவர் கூடுகளை எண்ணிப் படத்தில் குறிக்கும் பொறுப்பை ஏற்றார். அதற்குச் சிறு கூலியும் உண்டு. அந்தப் பதவிக்கு வைத்த பெயர் டாலிமேன், நம் வழக்கில் சொன்னால் கணக்குப்பிள்ளை. க்ரீ மொழியில் அவர் வேட்டை நிலத்தின் தலைவர்; எங்கே, எந்த ஆண்டு, எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு முன்பே இருந்தது. அரசு அதற்கு ஒரு கணக்குவேலையின் பெயரைச் சூட்டியது. பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

1975 நவம்பரில் கையெழுத்தான ஜேம்ஸ் விரிகுடா, வட கியூபெக் ஒப்பந்தம் இந்தத் தடங்களில் பொறி வைக்கும் உரிமை க்ரீ மக்களுக்கே உரியது என்று எழுதிக்கொடுத்தது. மரம் யாருடையது என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை.

வெட்டு வந்தால் என்ன ஆகிறது என்பதை மார்ட்டெனை வைத்துப் பார்ப்பதே நல்லது. நம் நீலகிரியில் மஞ்சள் கழுத்தோடு திரியும் மரநாயின் வடக்கத்திச் சொந்தம் இது. ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின் எடை. இதற்கு வைக்கும் பொறி எளிமையானது. சாய்வாகக் கட்டிய கம்பு, அதன்மேல் பனி மூடாத உயரத்தில் ஒரு மரப்பெட்டி, பெட்டியின் உள்கோடியில் மீன் அல்லது பீவர் இறைச்சி, வாயில் 120 எண் கோனிபேர் பொறி. இரண்டு கம்பிச் சட்டங்கள் சுருள்வில்லில் மூடிக்கொள்ளும் அந்தப் பொறியைக் கனடாவின் வடக்கே பொறி வைத்துப் பிழைத்த ஃபிராங்க் கோனிபேர் உருவாக்கினார். 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. இரை தரையில் இருந்தால் எலிகள் தின்றுவிடும், ஒரே இரவுப் பனியில் பொறி உறைந்து செயலற்றுப்போகும். அதனால்தான் கம்பும் பெட்டியும். ஸ்னோமொபைல் தடத்தில் சில நூறு மீட்டருக்கு ஒன்றாக இப்படி வைத்துக்கொண்டே போவார்கள்.

ஒரு மரம் விடாமல் வழிக்கும் மொட்டை வெட்டு நடந்தால் பெட்டி கட்டிய மரம் போகும், அது கண்ணுக்குத் தெரிந்த நட்டம். தடத்தின் குறுக்கே கிளைக்குப்பை மலையாகக் கிடக்கும். அதன்மேல் பனி விழுந்தால் பள்ளம் எது மேடு எது என்று தெரியாது. இரவில் ஸ்னோமொபைல் ஓட்டுபவருக்கு உயிர்ப்பயமே அதுதான். மாற்றுத் தடம் அறுக்க ஒரு இலையுதிர்காலம் முழுக்கப் போகலாம். இவற்றுக்கெல்லாம் நட்டஈடு பேசலாம், பேசவும் செய்கிறார்கள்.

கண்ணில் படாத நட்டம் அதைவிடப் பெரிது. மார்ட்டென் திறந்த வெளியைக் கடக்கவே தயங்கும், தலைக்கு மேல் மறைவு வேண்டும் அதற்கு. குளிர்காலத்தில் அது பனிக்கு மேல் ஓடினாலும் பிழைப்பு பனிக்கு அடியில். விழுந்து கிடக்கும் பெரிய மரங்களும் சாய்ந்த அடிமரங்களும் பனிக்குள் விட்டுவைக்கும் இடுக்குகள் வழியே இறங்கித்தான் செம்முதுகு எலிகளைப் பிடிக்கிறது, கடுங்குளிரில் ஒதுங்கவும் செய்கிறது. வெட்டிச் சமமாக்கிய நிலத்தில் இடுக்கும் இல்லை, அந்த எலியும் குறைவு. பத்து சதுர கிலோமீட்டர் அளவுள்ள ஒரு மார்ட்டெனின் குளிர்கால வட்டாரத்தில் பாதியாவது வெட்டப்படாத காடாக இருக்க வேண்டும், கடந்த 30 ஆண்டுகளுக்குள் வெட்டிய பகுதி 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது கியூபெக் காடுகளில் நடந்த ஆய்வுகள் தந்த விதி. கவனிக்க வேண்டியது இதுதான்: பாதிக் காடு நின்றாலும், மீதிப் பாதி முழுக்கப் புதிய வெட்டாக இருந்தால் அந்த இடம் மார்ட்டெனுக்கு வீடு ஆகாது. நின்ற மரத்துக்கு நேர் விகிதமாக விலங்கு குறைவதில்லை. ஒரு கட்டத்தில் மொத்தமாகவே காலிசெய்துவிடுகிறது.

ஒன்டாரியோ 1996இல் வெளியிட்ட மார்ட்டென் வழிகாட்டி இதற்கு வேறொரு வழி சொன்னது. மார்ட்டெனுக்குத் தகுந்த காட்டில் 10 முதல் 20 விழுக்காட்டை 3,000 முதல் 5,000 ஹெக்டேர் வரையான பெரிய தொகுப்புகளாக வெட்டாமல் விடு என்றது. விலங்கின் கண்ணோட்டத்தில் அறிவார்ந்த ஏற்பாடு. ஆனால் அந்தத் தொகுப்பு யார் தடத்தில் விழுகிறது? ஒருவர் தடம் முழுக்கக் காப்புக்காடு ஆகலாம், பக்கத்துக்காரர் தடம் முழுக்க மொட்டையாகலாம். வனத்துறை பார்க்கும் மேலாண்மை அலகு பல லட்சம் ஹெக்டேர். அந்த அளவில் சராசரி எடுத்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பொறிக்காரருடையது சில நூறு சதுர கிலோமீட்டர். அவர் தடத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற காட்டுப் பக்கம் போக முடியாது, பக்கத்துத் தடத்தில் பெட்டி வைத்தால் அது திருட்டு.

தடத்துக்குள்ளேயே ஒரு சுழற்சியும் உண்டு. நல்ல வேட்டைக்காரர் தன் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஓர் ஆண்டு ஒரு பகுதியில் பிடித்து மற்றவற்றைத் தரிசுபோல ஓய்வில் விடுவார். ஓய்ந்த பகுதியில் பிறந்த குட்டிகள் இலையுதிர்காலத்தில் கிளம்பிப் பிடித்த பகுதியை நிரப்பும். பாதி வெட்டப்பட்டதும் இந்தச் சுழற்சி அறுந்துபோகிறது. ஓய்வில் விட இடமில்லாததால் மிச்சப் பாதியிலேயே ஆண்டுதோறும் பிடிக்க வேண்டியிருக்கிறது. நிரப்ப வேண்டிய குட்டிகளின் பிறப்பிடமே போயிருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் வரவு குறையாது, சில சமயம் கூடும்கூட, ஏனென்றால் ஒடுங்கிய காட்டில் விலங்கு நெருக்கமாக இருக்கிறது, சாலை வந்ததால் பொறிக்குப் போவதும் எளிது. அதைக் காட்டி நட்டமே இல்லையே என்று வாதாடுபவர்கள் உண்டு. வீழ்ச்சி அதற்குப் பிறகுதான் வருகிறது.

வெட்டினால் எல்லா விலங்கும் போய்விடும் என்று சொல்வதும் தவறு. பத்துப் பதினைந்து ஆண்டில் குருத்துக்காடு அடர்ந்ததும் முயல் பெருகும், முயலைத் தேடி லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை வரும். வெட்டிய ஆஸ்பென் மரம் வேரிலிருந்து கூட்டமாகத் துளிர்க்கும், அது பீவருக்கு விருந்து. ஆனால் பீவர் கரையைவிட்டு அதிக தூரம் போகாது, பெரும்பாலும் 50, 60 மீட்டருக்குள்ளேயே அறுத்து இழுத்துக்கொண்டு திரும்பிவிடும். ஓடையைக் காக்க இரு கரையிலும் 20 மீட்டர் ஸ்புரூஸ் பட்டையை நிற்கவிட்டால் தண்ணீருக்கு நல்லது. துளிர்த்த ஆஸ்பென் அந்தப் பட்டைக்கு அப்பால் தள்ளிப்போகிறது. துளிரையும் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிட்டால் முயலுக்கும் இல்லை, பீவருக்கும் இல்லை. கியூபெக் தன் பொதுக்காடுகளில் ரசாயனக் களைக்கொல்லியை 2001இல் நிறுத்திவிட்டது. ஒன்டாரியோவில் கிளைபோசேட் தெளிப்பு தொடர்கிறது, அங்கே பொறிக்காரர்களின் பழைய மனக்குறைகளில் அதுவும் ஒன்று.

பீவர் விஷயத்தில் நேரடியான மோதல் நடக்கும் இடம் சாலைக்கு அடியில் போகும் கல்வெர்ட் குழாய். ஓடும் தண்ணீரின் சத்தம் கேட்டாலே பீவர் அடைக்க வரும். அதன் கண்ணுக்குச் சாலைமேடு என்பது ஏற்கெனவே கட்டி முடித்த அணை, குழாய் அதில் ஒரு ஓட்டை. சேறும் குச்சியும் திணித்து அடைத்துவிட்டால் ஒரு பக்கம் குளமாகத் தேங்கி, வசந்தத்தில் பனி உருகும்போது சாலையே அரித்துக்கொண்டு போகும். நிறுவனம் ஆள் வைத்து அந்தப் பீவர்களைக் கொல்லச் சொல்கிறது. பெரும்பாலும் கோடையில், தோல் எதற்கும் ஆகாத காலத்தில், கூட்டில் குட்டிகள் இருக்கும்போது. தடத்துக்குரியவர் குளிர்காலத்துக்கென்று விட்டுவைத்த கூடு அது. இதைத் தவிர்ப்பது கடினமில்லை. குழாய்வாயைச் சுற்றிச் சரிவக வடிவில் கம்பிவேலி இட்டால் பீவருக்கு அடைக்க வேண்டிய நீளம் கூடி, குழாயைவிட்டு விலகியும் போகிறது. முன்கூட்டியே இலையுதிர்காலத்தில் தடத்துக்குரியவருக்குச் சொல்லி, பருவத்தில் அவரே பிடித்துக்கொள்ள விட்டால் தோலும் அவருக்கு, கூலியும் அவருக்கு. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை.

நட்டஈடு ஏன் திருப்தி தருவதில்லை என்பதும் இங்கே விளங்கும். தொலைந்த பொறி, இடிந்த குடில், கடந்த சில ஆண்டுகளில் விற்ற தோல் என்று கூட்டிப்பார்த்தால் வரும் தொகை மிகச் சிறியது. தோல் விலை பல ஆண்டுகளாகச் சரிந்து கிடக்கிறது. உலகின் பெரிய தோல் ஏல நிறுவனங்களில் ஒன்றான டொரண்டோவின் நாஃபா 2019இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புத் தேட வேண்டிய நிலைக்கு வந்தது. அந்த விலையில் பெருக்கினால் ஒரு தடத்தின் மதிப்பு ஒரு லாரி மரத்துக்கு முன் நிற்காது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குத் தடம் என்பது தோல் மட்டுமில்லை. பெரிய மான் வகையான மூஸின் இறைச்சி, மீன், பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் இடம், புதைத்தவர்களின் இடம். விற்பனை ரசீது இல்லாத இவற்றைத் தோல் கணக்கில் தேடினால் கிடைக்காது.

நீதிமன்றங்கள் எதுவரை உதவின? ஒன்டாரியோவின் மேற்குக் கோடியில் கிராஸி நேரோஸ் என்ற பூர்வகுடிச் சமூகம். 1873இல் பூர்வகுடிகளோடு அரசு செய்த மூன்றாம் எண் உடன்படிக்கைக்கு உட்பட்ட நிலத்தில் 1997இல் ஒரு காகித நிறுவனத்துக்கு மொட்டை வெட்டு உரிமம் கொடுக்கப்பட்டது. 2002 டிசம்பரில் அந்த மக்கள் மரச்சாலையை மறித்தார்கள். 2005இல் வழக்கு. 2014 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: மரவெட்டுக்காக நிலத்தை எடுத்துக்கொள்ள ஒன்டாரியோவுக்கு அதிகாரம் உண்டு. கூடவே ஒரு வரம்பும் வைத்தது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் பொறிவேட்டைக்கும் பொருளுள்ள உரிமை எதுவுமே மிஞ்சாத அளவுக்கு எடுத்தால் உடன்படிக்கையை மீறியதாக வழக்குத் தொடரலாம். எத்தனை விழுக்காடு வெட்டினால் ‘எதுவுமே மிஞ்சாத அளவு’ என்று தீர்ப்பு சொல்லவில்லை. 2021இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் உயர் நீதிமன்றம் புளூபெரி ரிவர் பூர்வகுடிகளின் வழக்கில் ஒரு படி முன்னே போனது. ஒவ்வொரு உரிமத்தையும் தனித்தனியே பார்க்காமல் வெட்டு, சாலை, எரிவாயுக் கிணறு எல்லாவற்றின் கூட்டு விளைவையும் எண்ண வேண்டும், அப்படி எண்ணினால் எட்டாம் எண் உடன்படிக்கை மீறப்பட்டிருக்கிறது என்றது.

எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்தது கியூபெக்தான். 1998இல் க்ரீ மக்கள் மரவெட்டுக்கு எதிராக வழக்குப் போட்டு, அது இழுத்துக்கொண்டே போன நிலையில், 2002 பிப்ரவரி 7 அன்று முதலமைச்சர் பெர்னார்ட் லான்ட்ரியும் க்ரீ பெருந்தலைவர் டெட் மோசஸும் 50 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். வீரர்களின் சமாதானம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அது அறியப்படுகிறது. அதன் மூன்றாம் அத்தியாயம் செய்த புதுமை பார்வைக்குச் சின்னது: வனக்கணக்கின் அலகாகப் பொறித்தடத்தையே வைத்தது.

500 சதுர கிலோமீட்டர் தடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், அதில் மரம் வளரும் காடு 350 என்று வைப்போம். தடத்தின் 1 விழுக்காடு, அதாவது 5 சதுர கிலோமீட்டர், கணக்குப்பிள்ளை காட்டும் இடங்களில் ஒதுக்கப்படும். குடில், புதைவிடம், கரடிக் குகை, படகைத் தோளில் சுமந்து கடக்கும் வழி போன்றவை இதில் வரும். அவர் ஒப்பாமல் அங்கே ரம்பம் படக் கூடாது. மரக்காட்டில் 25 விழுக்காடு, ஏறக்குறைய 87 சதுர கிலோமீட்டர், அவர் குறிக்கும் வேட்டை முக்கியத்துவப் பகுதி. அங்கே வெட்டலாம், ஆனால் சதுரங்கக் கட்டம்போல வெட்டுக்கும் நிற்கும் காட்டுக்கும் மாறி மாறி இடம்விட்டு. தடம் முழுவதிலும் ஏழு மீட்டருக்கு மேல் உயரமுள்ள காடு 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. கடந்த 20 ஆண்டில் வெட்டியதும் எரிந்ததும் சேர்ந்து மரக்காட்டில் 40 விழுக்காட்டை, நம் உதாரணத்தில் 140 சதுர கிலோமீட்டரை, தாண்டிவிட்டால் அந்தத் தடத்தில் வெட்டு நிற்கும். அதற்குக் கீழேயும் பாதிப்பு ஏற ஏற ஆண்டுக்கு வெட்டக்கூடிய அளவு இறங்கும். பக்கத்துத் தடத்தில் காடு நிறைய இருக்கிறதே என்ற வாதம் இங்கே செல்லாது.

நடைமுறையில் இது ஒரு மேசைக்கு வருகிறது. சமூகத்துக்கு ஒரு கூட்டுக்குழு, க்ரீ தரப்பில் இருவர், மாகாணத் தரப்பில் இருவர். திட்ட வரைபடம் விரிக்கப்படும், கணக்குப்பிள்ளை தன் குறைகளைச் சொல்வார். 2013 ஏப்ரலில் புதிய வனச்சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து திட்டம் போடுவது நிறுவனம் இல்லை, அமைச்சகம். அதனால் எதிரே உட்காருபவர் அரசு வனவியலாளர். இங்கே பயன்தரும் கோரிக்கைகள் பெரிய தத்துவங்களாக இருப்பதில்லை. இந்தத் துண்டை மார்ச்சுக்குப் பிறகு வெட்டு. ஸ்னோமொபைல் தடத்தில் குப்பையைப் போடாமல் எதிர்ப்பக்கம் சாய். வேலை முடிந்ததும் கிளைச்சாலையின் கல்வெர்ட்டைப் பிடுங்கி, நுழைவாயில் பள்ளம் வெட்டி, பாறை உருட்டிவை. நிற்கும் காட்டை நாடா நாடாவாக விடாமல் ஒரே தொகுப்பாக விடு.

கடைசிக் கோரிக்கை முக்கியமானது. ஓடையோரம் விடும் மெல்லிய பட்டை வரைபடத்தில் பச்சையாகத் தெரியும். ஆனால் கருப்பு ஸ்புரூஸின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. சுற்றியிருந்த காடு போனதும் காற்று நேராக அடித்து, சில ஆண்டுகளில் வரிசையாகச் சாய்த்துவிடுகிறது. மார்ட்டென் அதில் குடியிருக்காது, பொறிக்காரர் அதன் ஊடே நடக்கவும் முடியாது.

ஒப்பந்தத்தின் பலவீனமும் மேசையில்தான் வெளிப்படுகிறது. உடன்பாடு வராவிட்டால் சமரசக்காரர் வருவார், அவரும் முடியாவிட்டால் இறுதி முடிவு அமைச்சருடையது. 1 விழுக்காட்டுக்கு வெளியே கணக்குப்பிள்ளைக்குத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இல்லை. அடுத்த பலவீனம் சாலை. விழுக்காடுகள் மரப்பரப்பைத்தான் எண்ணுகின்றன. சதுரங்க வெட்டு முறையில் துண்டுகள் சிதறிக்கிடப்பதால், அதே அளவு மரத்துக்குக் கூடுதல் நீளத்துக்குச் சாலை போட வேண்டியிருக்கிறது. அந்தச் சாலையில் தெற்கிலிருந்து மூஸ் வேட்டைக்காரரும் வருகிறார், குடில் உடைப்பவரும் வருகிறார். விலங்குக்காகச் செய்த ஏற்பாடே வெளியாட்களுக்கு வழி திறந்துவிட்டது என்று சொல்லும் கணக்குப்பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது.

இரு தரப்பு என்று சொன்னாலும் கோடு இனவாரியாகப் போவதில்லை. அதே ஒப்பந்தம் க்ரீ நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3,50,000 கன மீட்டர் மரம் ஒதுக்கியது. தெற்கோரச் சமூகமான வாஸ்வானிப்பியில் ஒரு வீட்டில் அண்ணன் இயந்திரம் ஓட்டுவதும் சித்தப்பா பொறி வைப்பதும் சாதாரணம். அந்தச் சமூகத்தின் தடங்களில் வெட்டுப் படாதவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிஞ்சியவற்றை உள்ளடக்கிய பிராட்பேக் பள்ளத்தாக்குக்காக நெடுங்காலம் போராடினார்கள். 2015 ஜூலையில் 9,134 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்படும் என்று அறிவிப்பு வந்தபோது, தாங்கள் கேட்ட பகுதியில் பெரும்பங்கு அதில் இல்லை என்று வாஸ்வானிப்பி மக்கள் வெளிப்படையாகவே மனம் நொந்தார்கள்.

2023 கோடையில் கியூபெக்கில் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்தது. க்ரீ சமூகங்கள் சிலவற்றில் மக்களை ஊரைவிட்டே வெளியேற்ற வேண்டியிருந்தது. 20 ஆண்டுக் கணக்கில் எரிந்ததும் சேரும் என்பதால், முன்பே ஓரளவு வெட்டப்பட்டிருந்த தடங்கள் ஒரே கோடையில் 40 விழுக்காட்டை நெருங்கவோ தாண்டவோ கூடும். அதே நேரத்தில் எரிந்து நிற்கும் மரத்தைத் துளைவண்டு குடைவதற்குள், ஓராண்டு ஈராண்டுக்குள், அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று ஆலைகள் அவசரப்பட்டன. அதற்கும் சாலை போட வேண்டும். எரிந்த திட்டுகளுக்கு நடுவே தீ தாவிவிட்டுப்போன பச்சைத் தீவுகளில்தான் தப்பித்த மார்ட்டென்கள் இருக்கும். மீட்பு வெட்டு வரைபடத்தில் அந்தத் தீவுகளைத் தனியே வட்டமிட்டு வைக்கச் சொல்வதுதான் அத்தகைய தடத்தின் கணக்குப்பிள்ளைக்கு முதல் வேலை.